பேட்டரிச் செய்திகளில் விட்டுப்போகும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து வாங்குகிறோம், அந்த உரிமையில் எழுதுகிறேன். சில நாட்களுக்கு முன் அறிவியல் பக்கத்தில் நானோ சிலிக்கான் பேட்டரி பற்றி ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். பத்து மடங்கு சக்தி, சில நிமிடங்களில் சார்ஜ், விரைவில் சந்தைக்கு வரும் என்று இருந்தது. மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்ததும் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, "மேடம், இது வந்துட்டா என் வண்டிக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ சார்ஜ் போட்டாப் போதும்ல?" என்று கேட்டான். தினமும் 35 கிலோமீட்டர் மின்சார ஸ்கூட்டரில் வருகிற பையன். அவனுக்கு அது அறிவியல் ஆர்வம் மட்டும் இல்லை, வீட்டுச் செலவுக் கணக்கும்தான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக.

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிறேன். அதற்கு முன் ஆறு வருடம் ஆய்வகத்தில் பேட்டரி ஆனோடுகளோடு கழித்தவள்.

முதலில் பெயரைப் பற்றி ஒன்று. உங்கள் செய்தியில் ஆனோடை 'நேர்மின்வாய்' என்று எழுதியிருந்தீர்கள். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன், எனவே குறை உங்களுடையது இல்லை. ஆனால் போன் பேட்டரியில் ஆனோடு என்று சொல்லப்படுவது மைனஸ் பக்கம் இருப்பது. மின்னாற்பகுப்பில் ஆனோடு பிளஸ், பேட்டரி மின்சாரம் தரும்போது அது மைனஸ். ஆக்சிஜனேற்றம், அதாவது எலக்ட்ரானை இழப்பது, எங்கே நடக்கிறதோ அதற்குத்தான் ஆனோடு என்று பெயர். நேர்மின்வாய் என்றதும் வாசகர் பிளஸ் முனையை நினைத்துக்கொள்வார், செய்தியே தலைகீழாகிவிடும். அதனால் இந்தக் கடிதம் முழுக்க பேட்டரியின் மைனஸ் பக்கத்தை ஆனோடு, பிளஸ் பக்கத்தை கேத்தோடு என்றே எழுதுகிறேன்.

சரி, இந்தப் பத்து மடங்கு எங்கிருந்து வருகிறது? போன், ஸ்கூட்டர், கார் எல்லாவற்றிலும் இன்று ஆனோடு பெரும்பாலும் கிராஃபைட், அதாவது பென்சிலுக்குள் இருக்கிற அதே கரி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் அதன் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காரும், வண்டி ஓடும்போது திரும்பி வரும். ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம், அதற்கு மேல் இடமில்லை. அந்தக் கணக்கில் ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 மில்லி ஆம்பியர் மணி (போன் பேட்டரியில் mAh என்று போட்டிருக்கிறதே, அந்த அளவு) தாங்கும். சிலிக்கான் வேறு ரகம். அது லித்தியத்தை நடுவில் உட்கார வைப்பதில்லை, அதோடு கலந்து உலோகக் கலவையாகவே ஆகிவிடுகிறது. நான்கு சிலிக்கான் அணுவுக்குப் பதினைந்து லித்தியம் வரை போகும், கிராமுக்கு 3,579. வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ பத்து மடங்கு. எண் சரிதான். ஆனால் அது ஆனோடுப் பொடிக்கு மட்டும் சொந்தமான எண், பேட்டரிக்குச் சொந்தமானது இல்லை.

கரும்பலகையில் அந்தப் பையனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஒரு ஆம்பியர் மணி திறனுள்ள செல்லுக்கு, கிராமுக்கு 180 தருகிற கேத்தோடு என்றால் 5.6 கிராம் வேண்டும். அதற்கு ஈடாக கிராஃபைட் 2.7 கிராம். மொத்தம் 8.3. இப்போது கிராஃபைட்டை எடுத்துவிட்டு முழுக்க முழுக்க சிலிக்கானைப் போடுங்கள், 0.3 கிராம் போதும். ஆனால் கேத்தோடு அதே 5.6 தான், அது குறையவில்லை. மொத்தம் 5.9. எடைக்கு எடை பார்த்தால் நாற்பது சதவீதம் லாபம். தாமிரத் தகடு, அலுமினியத் தகடு, அயனிகள் இரண்டு பக்கத்துக்கும் போய்வருகிற மின்பகு திரவம், வெளி உறை எல்லாவற்றின் எடையையும் சேர்த்தால் அந்த நாற்பதும் கரையும். கிராஃபைட்டைவிட சிலிக்கான் வேலை செய்கிற மின்னழுத்தம் சற்று அதிகம் என்பதால் செல்லின் மொத்த வோல்ட்டேஜும் ஒரு நூல் இறங்கும். மிச்சம் நிற்பது நல்ல லாபம்தான், ஸ்கூட்டருக்கு அது பெரிய விஷயம். பத்து மடங்கு இல்லை, அவ்வளவுதான். மாதம் இரண்டு தடவை சார்ஜ் என்பதும் இல்லை.

அடுத்தது வீக்கம். கிராஃபைட் லித்தியத்தை வாங்கும்போது பத்து சதவீதம்போல விரியும். சிலிக்கான் ஏறத்தாழ நான்கு மடங்காக வீங்கும். இறக்கும்போது சுருங்கும். மறுபடி வீங்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சியின் முதல் வருடம், கடையில் வாங்கிய சாதாரண சிலிக்கான் பொடியில், அதாவது சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவுள்ள துகளில் ஆனோடு செய்தேன். பொடி, கரித்தூள், பசை மூன்றையும் அரைத்து, தாமிரத் தகட்டில் மெல்லிசாகப் பூசி, காய வைத்து, பொட்டு மாதிரி வட்டமாக வெட்டி, ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டு காயின் செல்லுக்குள் வைத்து மூடுவோம். கடிகாரத்தில் போடுகிற பேட்டரி அளவுதான் இருக்கும். பத்து முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகு அந்தச் செல்லை அதே பெட்டிக்குள் வைத்துத் திறந்தேன். பூச்சு முழுக்கப் பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் மேலே சுருண்டு நின்றன. சித்திரை மாதத்தில் எங்கள் ஊர்க் கண்மாய் எப்படிக் கிடக்குமோ அச்சு அசல் அப்படி. இடுக்கியால் தொட்டதும் ஒரு பாளம் தகட்டை விட்டுக் கழன்று விழுந்தது. தகட்டோடு ஒட்டில்லாத சிலிக்கானுக்கு மின்சாரம் போகாது, அது செத்த எடை.

இந்த இடத்தில்தான் நானோ உள்ளே வருகிறது, அது வந்த காரணத்தைச் செய்திகள் அநேகமாகச் சொல்வதே இல்லை. மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். சிலிக்கான் துகள் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் முதல் தடவை லித்தியம் ஏறும்போது அது வெடிப்பதில்லை என்று மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்தே 2012ல் பார்த்தார்கள். சின்னத் துகளில் விரிசல் பரவுவதற்குப் போதிய அழுத்த ஆற்றல் சேராது. அதற்கு நான்கைந்து வருடம் முன்பே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யீ சுய் என்ற ஆய்வாளரின் குழுவினர் சிலிக்கானை நானோ கம்பிகளாக, உலோகத் தகட்டின்மேல் நாற்று மாதிரி நட்டு வளர்த்துக் காட்டினார்கள். கம்பிக்குக் கம்பி இடைவெளி இருப்பதால் வீங்க இடம் கிடைக்கிறது, ஒவ்வொரு கம்பியும் தகட்டோடு தனித்தனியாக ஒட்டியிருக்கிறது. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன், இன்றும் அதைப் படித்தால் மனசு நிறையும்.

ஆனால் பொருளை நுணுக்க நுணுக்க அதன் மேற்பரப்பு கூடும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு முகம், ஆறு சதுர சென்டிமீட்டர் பரப்பு, கட்டைவிரல் நகங்கள் ஆறை விரித்து வைத்த அளவு. அதையே 100 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர். நம் கணக்கில் ஒன்றரை சென்ட் நிலம்! இந்த ஒன்றரை சென்ட்டும் மின்பகு திரவத்தில் நனைந்து நிற்கிறது, சிக்கல் அங்கேதான்.

பேட்டரியை முதல் தடவை சார்ஜ் செய்யும்போது ஆனோடின் மேல் திரவம் சிதைந்து ஒரு மெல்லிய படலம் படியும். பால் காய்ந்து ஆறும்போது ஆடை கட்டுகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 1979ல் இமானுவேல் பெலெட் என்ற ஆய்வாளர் இதற்கு 'சாலிட் எலக்ட்ரோலைட் இன்டர்ஃபேஸ்' என்று பெயர் வைத்தார், துறையில் எல்லோரும் சுருக்கமாக எஸ்.இ.ஐ. என்பார்கள். இந்த ஆடை அவசியம், அது இல்லாவிட்டால் திரவம் தொடர்ந்து சிதைந்துகொண்டே போகும். ஆனால் ஆடை கட்ட லித்தியம் செலவாகும், செலவான லித்தியம் திரும்பி வராது. பரப்பு பெரிது என்றால் ஆடையும் பெரிது, செலவும் பெரிது. சிலிக்கான் வேறு வீங்கிச் சுருங்கி ஆடையைக் கிழித்துக்கொண்டே இருக்கும், கிழிந்த இடத்தில் புது ஆடை, அதற்குப் புதுச் செலவு. விரிசலைத் தடுக்க நுணுக்கினோம், நுணுக்கியதாலேயே லித்தியம் பறிபோகிறது. இந்த இழுபறிதான் நானோ ஆனோடு ஆராய்ச்சியின் முழுக் கதையும்.

இந்த இழப்பு ஆய்வுக் கட்டுரைகளில் தெளிவாகத் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனோடைச் சோதிக்கும்போது எதிர்ப்பக்கத்தில் கேத்தோடுக்குப் பதிலாக ஒரு லித்தியம் உலோகத் தகட்டை வைப்போம். அதில் தேவைக்கு மேல் பல மடங்கு லித்தியம் இருக்கும். ஓட்டைக் குடத்தைத் திறந்த குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு, குடம் நிறைந்தே இருக்கிறது என்று எழுதுவது போன்றது அது. நிஜப் பேட்டரியில் குழாய் கிடையாது, கேத்தோடு கொண்டு வந்த லித்தியம் மட்டும்தான். முதல் சார்ஜிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் பேட்டரி பிறக்கும்போதே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அப்புறம் ஒவ்வொரு சார்ஜிலும் 99.5 சதவீதம் திரும்பி வருகிறது என்று வையுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும். 200 தடவை பெருக்கிப் பாருங்கள், 37 சதவீதம்தான் மிஞ்சும். ஒரு வருடம் தாங்காது. 99.99 என்றால் ஆயிரம் தடவைக்குப் பிறகும் 90 சதவீதம் நிற்கும். அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற இரண்டு எண்களுக்காக உலகம் முழுக்க ஆட்கள் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள், தலைப்புச் செய்தியில் அது ஒரு நாளும் வந்ததில்லை.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. நாங்கள் செய்த ஆனோடு பற்றியும் ஒரு நாள் பத்திரிகையில் வந்தது, எந்தப் பத்திரிகை, எந்த ஆய்வகம் என்பது இப்போது வேண்டாம். கிராமுக்கு 2,900 என்ற எண்ணைப் போட்டு, போன் ஒரு வாரம் தாங்கும் என்று எழுதியிருந்தார்கள். நிருபர் தானாகக் கற்பனை செய்யவில்லை, எங்கள் தரப்பில் கொடுத்த குறிப்பில் அந்த எண் மட்டும்தான் இருந்தது. அந்தப் பொருளில் நான் மூடிய காயின் செல்கள் 40. ஐம்பது சார்ஜ் தாண்டி நின்றவை மூன்று. கட்டுரையில் படமாக வந்தது அந்த மூன்றில் ஒன்று. பூச்சின் கனம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை, தொழிற்சாலையில் பூசுவது அதைப் போலப் பல மடங்கு. முதல் சார்ஜில் முப்பது சதவீதம் போனது. இது எதுவும் பொய் இல்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்போம், யாரும் கேட்கவில்லை, நாங்களாகவும் சொல்லவில்லை. அப்பா அந்தச் செய்தித் துண்டை வெட்டிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போகும்போது, "அந்தப் பேட்டரி எப்பம்மா வரும்?" என்று கேட்பார். நான்காவது வருடம் கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

சிலிக்கான் தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே யீ சுய் குழு 2014ல் ஒரு வடிவம் கொண்டு வந்தது, மாதுளம்பழம் மாதிரி. ஒவ்வொரு நானோ சிலிக்கான் துகளையும் சுற்றி வீங்க இடம் விட்டு ஒரு கார்பன் உறை, அப்படிப்பட்ட முத்துகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து வெளியே இன்னொரு கனமான கார்பன் தோல். திரவம் வெளித்தோலைத்தான் தொடும், ஆடை அங்கேயே ஒரு தடவை கட்டி நின்றுவிடும், உள்ளே முத்துகள் வீங்கட்டும் சுருங்கட்டும். ஆயிரம் சார்ஜுக்குப் பிறகும் 97 சதவீதம் நின்றது. அழகான யோசனை, ஆனால் டன் கணக்கில் செய்ய எத்தனை படி, எத்தனை செலவு! இன்று தொழிலில் ஜெயித்திருப்பது அதைவிட எளிமையான வழி: நுண்துளைகள் நிறைந்த கார்பனை எடுத்து, சிலேன் என்ற, சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயுவை உள்ளே விட்டு, அந்தத் துளைகளுக்குள்ளேயே சிலிக்கானைப் படிய வைப்பது. துளையே அளவைக் கட்டுப்படுத்தும், துளையில் மிச்சமுள்ள காலி இடம் வீக்கத்தை வாங்கிக்கொள்ளும். 2023ல் ஹானர் நிறுவனம் சிலிக்கான்-கார்பன் பேட்டரி போட்ட போனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இப்போது போன் விளம்பரங்களில் அந்த வார்த்தையை நீங்களே பார்க்கலாம். நானோ கம்பிக் கட்டுரைக்கும் அந்தப் போனுக்கும் இடையே 15 வருடம். 'விரைவில்' என்று எழுதும்போது இந்தப் பதினைந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சோடியம், அதாவது லித்தியத்துக்குப் பதில் சோடியம் அயனி போய்வருகிற பேட்டரி. இதில் நம் ஊருக்கு நேரடி வேலை இருக்கிறது.

2025 மே மாதம் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த செய்தி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், ஆறு நிமிடத்தில் 80 சதவீதம் ஏறும் சோடியம் அயனி பேட்டரி, 3,000 சார்ஜுக்கு மேல் தாங்கும் என்று. நல்ல வேலை. அவர்கள் செய்தது என்ன? ஆனோடுத் துகளை நானோ அளவுக்குக் குறைத்தார்கள், மேலே மெல்லிய கார்பன் போர்த்தினார்கள், பொருளிலேயே கொஞ்சம் அலுமினியம் சேர்த்தார்கள். செய்தியின் உயிரே ஆனோடில் இருந்தது. ஆனால் நான் படித்த தமிழ்ச் செய்திகளில் ஆனோடு என்ற சொல்லே இல்லை. 'உப்பிலிருந்து பேட்டரி' என்றுதான் தலைப்பு. தூத்துக்குடி உப்பளத்தைப் படம் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சோடியம் பேட்டரிக்குத் தடையாக இருப்பது சோடியம் இல்லை. அது எங்கும் கிடைக்கும், மலிவு. அந்தச் சோடியத்தை ஏற்று வைத்துக்கொள்கிற ஆனோடுதான் சிரமம்.

கிராஃபைட் சோடியத்தை ஏற்காது. வழக்கமான திரவத்தில் கிராமுக்கு 35 கூடத் தேறுவது கடினம். சோடியம் அயனி பெரிசு, அதனால் அடுக்குக்குள் நுழையவில்லை என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், பாடமாகவும் நடத்துகிறார்கள். அது முழு உண்மை இல்லை, ஏனென்றால் சோடியத்தைவிடப் பெரிய பொட்டாசியம் அதே கிராஃபைட்டுக்குள் ஒழுங்காகப் போய் உட்காருகிறது, எட்டுக் கார்பனுக்கு ஒன்று. சோடியத்துக்கும் கார்பன் அடுக்குக்கும் இடையே பிணைப்பு பலவீனம் என்பதுதான் அடிப்படைச் சிக்கல். தகரத்தைப் போடலாம், நான்கு மடங்குக்கு மேல் வீங்கும். சிவப்பு பாஸ்பரஸ் போடலாம், நம் தீப்பெட்டியின் பக்கவாட்டில் உரசுகிற பட்டையில் இருக்கிறதே அதுதான், கணக்குப்படி கிராமுக்கு 2,596 வரும், ஆனால் வீக்கம் சிலிக்கானையும் மிஞ்சும், மின்சாரமும் கடத்தாது. எனவே இன்றைக்கு நடைமுறையில் இருப்பது ஹார்டு கார்பன்.

ஹார்டு கார்பன் என்பது எவ்வளவு சூடேற்றினாலும் கிராஃபைட் ஆகாத கரி. சின்னச் சின்னக் கார்பன் தாள்கள் தாறுமாறாகச் சாய்ந்து கிடக்கும், நடுவே நானோமீட்டர் அளவில் மூடிய பொந்துகள். கனடாவில் ஸ்டீவன்ஸ், டான் என்ற இருவர் 2000ல் குளுக்கோஸைக் கரியாக்கி, அதில் சோடியம் கிராமுக்கு 300 வரை தங்குகிறது என்று காட்டினார்கள். சீட்டுக்கட்டை வீடுபோல அடுக்கிய அமைப்பு என்று அதை வர்ணிப்பார்கள். இன்னொரு வசதி, சோடியம் அலுமினியத்தோடு கலவை ஆகாது, அதனால் ஆனோடுப் பக்கத்திலும் தாமிரத் தகட்டுக்குப் பதில் அலுமினியத் தகட்டையே போடலாம், மலிவாகும்.

இந்தக் கரியை எதிலிருந்து செய்யலாம்? தேங்காய்ச் சிரட்டையிலிருந்து. வேறு பல பொருளிலும் செய்யலாம்தான், ஆனால் சிரட்டை இதற்கு மிகவும் பொருத்தம், மரத்துக்கு உறுதி தருகிற லிக்னின் அதிகம், அடர்த்தி அதிகம். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் போனால் சிரட்டைக் கரி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அதில் பெரும்பகுதி ஆக்டிவேட்டட் கார்பன் ஆவதற்குப் போகிறது. தண்ணீர் சுத்திகரிப்பில் இருக்கிற அதே கரி. இங்கே ஒரு நுணுக்கம், இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். சிரட்டைக் கரி ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பேட்டரிக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு பேட்டியில் யாரோ சொல்லியிருந்தார்கள். முடியாது. தண்ணீர் வடிகட்டுகிற கரியில் துளைகள் திறந்திருக்க வேண்டும். நீராவி விட்டுத் துளைகளைத் திறப்பார்கள், ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு இருந்தால் நல்ல சரக்கு. பேட்டரிக்கு நேர் எதிர். பொந்துகள் வேண்டும், ஆனால் வாய் மூடியிருக்க வேண்டும், சோடியம் மட்டும் உள்ளே போகணும், திரவம் போகக் கூடாது. பரப்பு கிராமுக்கு பத்து சதுர மீட்டருக்குள் இருந்தால்தான் முதல் சார்ஜில் அந்த ஆடை கட்டுகிற இழப்பு தாங்கும். அதற்கு 1,200 முதல் 1,400 டிகிரி வரை, காற்றே படாமல் சுட வேண்டும். அதற்கு முன் சிரட்டைச் சாம்பலில் இருக்கிற பொட்டாசியத்தை அமிலத்தில் கழுவி எடுக்க வேண்டும். ஒரே சிரட்டை, இரண்டு வேறு கரி.

என் மாணவிகள் இரண்டு பேர் போன வருடம் இதை ப்ராஜெக்டாகச் செய்தார்கள். கழுவாமல் சுட்ட கரியையும், கழுவிச் சுட்ட கரியையும் கையில் வைத்துக் காட்டினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, இரண்டும் கறுப்புப் பொடி. எங்களிடம் இருக்கிற உலை 900 டிகிரி வரைதான் போகும், அதற்கு மேல் சுட வேறு இடத்தில் கெஞ்சி இரண்டு மாதம் காத்திருந்து வாங்கினோம். கழுவாததில் முதல் சார்ஜில் பாதிக்குப் பாதி போய்விட்டது. கழுவி 1,300ல் சுட்டதில் 81 சதவீதம் திரும்பி வந்தது. அவர்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்த 81ஐ எழுதச் சொன்னேன், கீழே எத்தனை செல் சோதித்தோம், எத்தனை செத்தது என்பதையும்.

ஜப்பானின் குராரே போன்ற நிறுவனங்கள் தாவரப் பொருளிலிருந்து இந்தக் கரியைச் செய்து விற்கின்றன. நாம் கரியாக அனுப்புவதோடு நிற்கிறோம். அதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்ல வேண்டும், குழிகளில் சிரட்டையைச் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைப்பதால் கிணற்று நீர் கெடுகிறது என்று காங்கேயம், பொள்ளாச்சிப் பகுதி விவசாயிகள் வருடக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். மூடிய உலையில், புகையையே எரித்துச் சூடாக்கிக் கொள்கிற முறைக்கு மாறாமல் பேட்டரி என்ற பெயரில் அதே குழிகளைப் பெருக்கினால் எனக்குச் சம்மதம் இல்லை.

எங்கள் மாவட்டத்தையே பாருங்கள். சிவகங்கைக்குப் பக்கத்தில் கிராஃபைட் மண் இருக்கிறது. அரசின் டாமின் நிறுவனம் வெட்டி எடுக்கிறது, மண்ணில் கார்பன் சுமார் 14 சதவீதம், சுத்திகரித்து 96 வரை கொண்டு வருகிறார்கள். மூசை, அதாவது உலோகம் உருக்குகிற பாத்திரம், செய்யவும் உலைச் செங்கல் செய்யவும் அது போதும். பேட்டரிக்கு 99.95 வேண்டும், துகளையும் உருட்டி உருண்டையாக்க வேண்டும், உருட்டும்போதே பாதிக்கு மேல் தூளாகக் கழிந்துவிடும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் போகலையிலும் கஹட்டகஹவிலும் பாறை வெடிப்புகளில் நரம்பாக ஓடுகிற கிராஃபைட் வெட்டும்போதே மிகச் சுத்தமாக வருகிறது, அந்த வசதி நமக்கு இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே, காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண் ஒரு பக்கம், அதைப் பற்றித் தெரிந்தவர்கள் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. ஆனால் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகிற ஸ்கூட்டர்களின் பேட்டரிக்குள், ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் போகிற ஆனோடுக் கரியை உலகத்துக்கே சுத்திகரித்துக் கொடுப்பது சீனா, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல். 2023 டிசம்பர் முதல் அதன் ஏற்றுமதிக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று அவர்கள் விதி போட்டபோது அந்தச் செய்தி தமிழில் எத்தனை பேருக்குத் தெரிந்தது?

ஒரு கிராம் பொடியை ஆய்வகத்தில் செய்ய நம்மிடம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நானும் அப்படி ஒருத்தியாக இருந்தவள். நூறு கிலோ செய்து, ஒவ்வொரு மூட்டையும் முந்தைய மூட்டை மாதிரியே இருக்கச் செய்கிற இடம்தான் இல்லை. அந்த இடத்துக்கு உலையும் பணமும் பத்து வருடப் பொறுமையும் வேண்டும். நாளைக்கே பத்து மடங்கு பேட்டரி வரப் போகிறது என்று செய்தி படிக்கிற மக்கள் அந்தப் பத்து வருடத்தைக் கேட்டு எந்த அரசிடமும் நிற்க மாட்டார்கள். என் மாணவனும் நிற்க மாட்டான், ஆறு மாதம் பார்த்துவிட்டு இதெல்லாம் சும்மா என்று போய்விடுவான். அதுதான் எனக்குப் பயம்.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த தடவை நானோ, சிலிக்கான், சோடியம் என்று எந்த ஆய்வகத்திலிருந்து குறிப்பு வந்தாலும் உங்கள் நிருபர் போனில் கேட்கட்டும்: முதல் சார்ஜில் எவ்வளவு இழந்தது, எதிர்ப்பக்கம் லித்தியம் அல்லது சோடியம் தகடா நிஜமான கேத்தோடா, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பூசினீர்கள். ஆய்வாளர் தயங்காமல் பதில் சொன்னால் அதை உள்ளே ஒரு வரியாகப் போடுங்கள், தலைப்பில் வேண்டாம். எண்கள் புரியவில்லை என்றால் காரைக்குடிப் பக்கம் வருகிற யாரையாவது எங்கள் கல்லூரிக்கு அனுப்பி வையுங்கள், திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் மூன்று மணிக்கு மேல் ஆய்வகத்தில்தான் இருப்பேன். அந்தக் கழுவிய கரியும் கழுவாத கரியும் இன்னும் இரண்டு புட்டிகளில் அலமாரியில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை,
சிவகங்கை மாவட்டம்.